மூன்று தண்ணீர்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சாமுவேலிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. பட்டுக்குச் சாயம் போடுகிறவன் சாயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவனோ பக்கத்து வீட்டுச் சாம்பாரில் புளி ஏறிப்போனதிலிருந்து சபையில் மைக் கரகரப்பது வரை எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பான். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் அவனுடைய கேடு. பத்துத் தடவை சரியாகச் சொன்னவன் பதினொன்றாவது தடவை யாரையும் கேட்கமாட்டான்.

தொழிலில் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. போன வருடம் போட்ட அரக்கு நிறத்தையும் இந்த வருடம் போட்ட அரக்கு நிறத்தையும் அருகருகே வைத்தால் எது எந்த வருடத்தது என்று அவனுக்கே தெரியாது. ஆனால் ஒரே ஒருமுறை, அவனுக்கு இருபத்திரண்டு வயதில், நான்கு கிலோ பட்டுநூலைப் பசை போக சோடா உப்புத் தண்ணீரில் வேகவிட்டுவிட்டு வாசலில் யாருடனோ கட்சிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது நேரம் கடந்திருந்தது. பார்வைக்கு நூல் நன்றாகத்தான் இருந்தது. தறியில் ஏற்றிய பிறகு இழுத்த இடமெல்லாம் அறுந்தது. ஒரு தெருவே அவனைத் திட்டியது.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு சட்டம். மருந்தில் எதுவும் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடக்கக்கூடாது. வேலை முடிந்ததும் எடு, மூன்று தண்ணீர் காட்டு. முதல் தண்ணீரில் காரம் போகும், இரண்டாவதில் வாடை போகும், மூன்றாவது தண்ணீர் தெளிவாக இருந்தால் பொருள் பிழைத்தது. முப்பது வருடமாக இந்தச் சட்டம் அவனைக் கைவிடவில்லை.

அவன் மனைவி எஸ்தருக்கு இடது மார்பில் கட்டி. அது இருப்பது அவளுக்குக் கார்த்திகை மாதமே தெரியும். தை மாதம் மகள் சுகாசினியின் கல்யாணம். கல்யாண வீட்டில் இதை எடுத்துப் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டாள். மகள் வாலாஜாபாத்துக்குக் குடித்தனம் போன பிறகு, வலிக்கவில்லையே, வலிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் நான்கு மாதம் தள்ளினாள். வைகாசியில்தான் கணவனிடம் சொன்னாள். அவள் செய்தது தப்புதான், அவளும் அதை மறுக்கவில்லை.

டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் கட்டியிலிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அதை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டு, மூடியின்மேல் பெயர் ஒட்டி, நர்ஸ் சாமுவேலின் கையில் கொடுத்தாள்.

"மெட்ராஸ்ல இந்த லேப்ல குடுத்துடுங்கண்ணா. பத்திரம்."

அவ்வளவுதான் சொன்னாள். பத்திரம் என்ற சொல்லை ஒவ்வொருத்தரும் அவரவர் புத்திக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்வார்கள் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லித்தருவது. மூடியைத் திறக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்று சனிக்கிழமை, பெருமாள் கோயில் கருட சேவை. ஊர் முழுக்கத் தலை. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் ஞாயிறு, லேபுக்கு விடுமுறை. திங்கள் காலை முதல் ரயிலில் போகலாம் என்று முடிவு செய்து, கூட்டத்தில் நசுங்காமல் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாமுவேல் வீட்டுக்கு நடந்தான். எஸ்தர் மயக்கம் தெளியாமல் நர்சிங் ஹோமிலேயே படுத்திருந்தாள். சுகாசினி துணைக்கு இருந்தாள்.

வீட்டில் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சிவப்பாக இருந்த துண்டு ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. மூடியைத் திறந்தான். நெடி மூக்கைப் பிடித்துக் கண்ணில் நீர் வரவைத்தது. இவ்வளவு காரமான மருந்தில் திங்கட்கிழமை வரைக்குமா என்று அவனுக்குப் பகீரென்றது. வெந்துபோகும், பாழாய்ப் போகும், பிறகு அவர்கள் எதைப் பார்த்து என்ன சொல்வார்கள்.

யாரிடமாவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நர்சிங் ஹோம் நம்பர் பாட்டிலின் மேலேயே இருந்தது. சாமுவேல் கேட்கிற ஆளா.

மருந்தைச் சாக்கடையில் கொட்டினான். கேன் தண்ணீரை எடுத்து மூன்று முறை அலசினான். சாயத் தொட்டியில் லட்ச ரூபாய் நூலை அலசும்போதுகூட அவ்வளவு மெதுவாக அலசியதில்லை. மனைவியின் உடம்பில் ஒரு துண்டு அது, அழுதும்விட்டான். மூன்றாவது தண்ணீர் தெளிந்ததும் புதுத் தண்ணீர் ஊற்றி மூடி, பீரோவில் பைபிள் பக்கத்தில் வைத்தான். திங்கள் விடிந்தபோது தண்ணீர் கலங்கி லேசாக நாறியது. அதையும் மாற்றினான். லேப் கவுண்டரில் பாட்டிலைக் கொடுத்தபோது தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. எவ்வளவு சுத்தமாகக் கொண்டுவந்திருக்கிறோம் என்று அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்தான். அதோடு சோதித்த ஏதோ ஒன்று இல்லை என்றும் போட்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: திசு சரியாகப் பதப்படுத்தப்படாமல் வந்துள்ளது, தேவைப்பட்டால் மறுபடி எடுத்துச் சோதிக்கவும். சுகாசினி போனில் பெரிய எழுத்தை மட்டும் படித்துச் சொன்னாள். அவள் படிக்காததில் ஆச்சரியமில்லை. மெட்ராஸில் ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரும் படிக்கவில்லை. அவர் பார்த்தது ஒரு எண்ணை, அந்த எண் பூஜ்யம். இல்லை என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அதை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

"இவங்க வகைக்கு அந்த ஸ்பெஷல் ஊசி வேலை செய்யாது. சாதா கீமோ குடுத்துட்டு ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்.

அப்படியே நடந்தது. முடி கொட்டியது, நகம் கறுத்தது, மார்பை எடுத்தார்கள். எஸ்தர் எல்லாவற்றையும் தாங்கினாள். அவளால் தாங்க முடியாதது ஒன்றுதான், அது சாமுவேலின் வாய். வாந்தி எடுத்தால் முதுகைத் தடவிக்கொடுப்பான். தடவிக்கொண்டே சொல்வான்:

"ஆறு மாசம் மூடி வெச்சியே. அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்ளோ அவஸ்தை எதுக்கு."

கஞ்சி வைத்துக் கொடுப்பான், அதோடு இதையும் கொடுப்பான். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் அவள் காதுபடச் சொல்வான். அவன் பார்த்துக்கொண்ட பார்வையை யாரும் குறை சொல்ல முடியாது, சொந்தப் பிள்ளைகூட அப்படிப் பார்க்காது. ஆனால் செய்த பணிவிடை ஒவ்வொன்றுக்கும் மேல் அந்த ஆறு மாதத்தைக் கரண்டியால் எடுத்து வைத்தான். எஸ்தர் பதில் பேசமாட்டாள். தன்மேல்தான் தப்பு என்று அவளே நம்பியிருந்தாள். அவள் நம்பியதற்கு முக்கால்வாசிக் காரணம் அவன்தான்.

மறு வருடம் ஆடியில் வலது விலாவுக்குக் கீழே வலி என்றாள். ஸ்கேனில் ஈரலில் ஐந்து புள்ளிகள்.

இந்தமுறை மெட்ராஸ் வேண்டாம் என்று பக்கத்திலேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே டாக்டர் நஸ்னீன் என்று ஓர் இளம் டாக்டர். காஞ்சிபுரத்துப் பெண்தான், அவருடைய அப்பா ஃபக்ருதீனின் ஜரிகைக் கடைக்கு சாமுவேல் எத்தனையோ தடவை போயிருக்கிறான். அவர் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ரகம். பழைய ரிப்போர்ட் இருக்கட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டு, ஈரலிலிருந்து ஊசி வழியாகத் துளி சதையைத் தானே எடுத்து, தானே மருந்தில் போட்டு, மருத்துவமனை ஆளிடமே கொடுத்தனுப்பினார். ரிசல்ட் வந்த அன்று எஸ்தர் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றிருந்தாள். சாமுவேல் மட்டும் அறையில் இருந்தான்.

"நல்ல சேதி ஒண்ணு இருக்கு, புரியாத சேதி ஒண்ணு இருக்கு" என்றார் நஸ்னீன். ஒரு தாளில் வட்டம் போட்டு, வட்டத்தின் விளிம்பில் நாலைந்து கோடு கிழித்தார். "இது ஒரு செல். இதோட மேல்தோல்ல இப்படி ஏற்பின்னு சில இருக்கும். வளரணும்னு வெளிய இருந்து ஒரு சேதி வந்தா, இது தான் அத்த வாங்கி உள்ள அனுப்பும். ஊட்டு வாசல்ல காலிங் பெல் மாதிரின்னு வெச்சிக்குங்க. சாதாரண செல்லுல பெல்லு கொஞ்சம் தான். எப்பவாவது அடிக்கும், செல் வளரும், அடங்கிடும். வயசானா, கெட்டுப்போனா, தானா செத்தும் போவும். சாகறதுக்கும் செல்லுக்குள்ளயே ஒரு ஏற்பாடு இருக்குது."

"சரிம்மா."

"உங்க வீட்டம்மா செல்லுங்கள்ல இந்தப் பெல்லு நூறு மடங்கு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு, யாருமே அமுக்காம தானா அடிச்சிக்கினே இருக்குது. வளரு, வளரு, சாகாதேன்னு. சாகச் சொல்ற சேதி உள்ள கேக்கவே இல்ல. இப்ப இதுக்குன்னே ஊசி இருக்குது. அது போய் அந்த ஏற்பி மேலயே உக்காந்துக்கும். பெல்லு அடங்கிடும். அப்புறம் அந்த செல் வளர்றதும் நிக்கும், சாகவும் ஆரம்பிக்கும். நம்ம உடம்போட காவல்காரங்களுக்கும் இதோ இங்கன்னு காட்டிக் குடுக்கும். ரொம்ப நல்ல மருந்து."

"அப்போ குணமாயிடுமா?"

நஸ்னீன் பேனாவை மூடினார். "ஈரலுக்கு வந்துட்ட பிறகு முழுக்கப் போகும்னு நான் சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம். சில பேருக்குப் பல வருசம் நல்லா போகுது. மொதல்லயே, மார்புல மட்டும் இருந்தப்பவே இத்தக் குடுத்திருந்தா, திரும்பி வராமலே போயிருக்க நிறைய சான்ஸ். அது தான் எனக்குப் புரியல. போன வருசம் ஏற்பியே இல்லன்னு எழுதியிருக்காங்க. இப்ப பாத்தா முழுக்க இருக்குது."

சாமுவேலுக்கு வழக்கம்போலச் சும்மா இருக்க முடியவில்லை. "இருக்குது இல்லன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?"

"உங்க வேலை தான்" என்று நஸ்னீன் சிரித்தார். "துண்ட மெல்லிசா சீவி சாயம் ஏத்துவோம். ஏற்பி இருந்தா செல்லச் சுத்தி பழுப்பா வளையம் பிடிக்கும். இல்லன்னா பிடிக்காது."

"சாயம் பிடிக்கலன்னா ஏற்பி இல்லன்னு முடிவு கட்டிடுவீங்களா? நூலு கெட்டிருந்தாலும் சாயம் பிடிக்காதேம்மா. நான் மொதல்ல நூலத் தான் பாப்பேன்." தொழில் தெரிந்தவன் என்ற தோரணையில் சொன்னான். தன் வாயாலேயே சொன்னான்.

"கரெக்ட். அதே தான் நானும் யோசிக்கிறேன்." அவர் பழைய ரிப்போர்ட்டைத் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தைப் பென்சிலால் கோடிட்டார். "பாருங்க, சரியா பதப்படுத்தாம வந்திருக்குன்னு போட்டிருக்காங்க. எடுத்த உடனே ஃபார்மலின் மருந்துல போடணும். அதுலயே தான் கிடக்கணும், எவ்ளோ நெடி அடிச்சாலும். அது இல்லாம வெறுமனே கிடந்தா ரெண்டு நாள்ல அழுகிடும். மேல்தோல்ல இருக்கிற ஏற்பியும் சிதைஞ்சு போகும். அப்புறம் என்ன சாயம் போட்டாலும் ஏறாது. அந்தப் பாட்டில லேபுக்கு யார் கொண்டு போனாங்க?"

"நான் தான்."

"மருந்து கிருந்து சிந்திடுச்சா? யாராவது தொறந்தாங்களா?"

பீரோவில் வைத்த பாட்டில் சாமுவேலின் கண்முன் வந்தது. கலங்கிய தண்ணீரையும் தெளிந்த தண்ணீரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தான். கையில் அந்த வழவழப்புக்கூடத் திரும்ப வந்தது.

"இல்லம்மா. குடுத்தது குடுத்தபடி பத்திரமா கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றான்.

நஸ்னீன் பழைய ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். "சில சமயம் நோயே தன்னோட குணத்த மாத்திக்கும். அப்பவும் இப்படி நடக்கலாம். அந்தப் பழைய துண்டு இனிமே எதுக்கும் உதவாது. சரி, விடுங்க. நடந்தத விட்டுட்டு நடக்கறதப் பாப்போம்."

நோயே மாறியிருக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அறையைவிட்டு வெளியே வந்தான். ஆற்றோடு அடித்துக்கொண்டு போகிறவனுக்கு வைக்கோல் கிடைத்த மாதிரி. ஆனால் முப்பது வருடம் நூலைத் தொட்ட கை அவனுடையது. எது மாறியது, எது கெட்டது என்று அந்தக் கைக்குத் தெரியாமலா போகும்.

இரண்டு நாள் கழித்து ஒரு பிற்பகல். எஸ்தர் சமையல்கட்டில் வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். புது ஊசியைப் பற்றி நஸ்னீன் அவளிடமும் சொல்லியிருந்தார். அவளுக்கு அதில் ஒரு தெம்பு வந்திருந்தது. அரிந்ததைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே, யார்மேலும் குற்றம் சொல்லாமல், வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்:

"அப்பவே இந்த ஊசியப் போட்டிருந்தா ஈரலுக்கு வந்திருக்காது, இல்லபா?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாமுவேலின் நெஞ்சு பாய்ந்தது.

"நீ ஆறு மாசம் மறைக்காம இருந்திருந்தா எந்த ஊசியும் தேவைப்பட்டிருக்காது" என்றான். "எல்லாம் உன்னால வந்தது. இப்ப அத்த இத்தப் பேசி இன்னா ஆவப்போவுது."

சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிடுங்கிக்கொள்ளவில்லை, வாபஸும் வாங்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு மீதி வாழைக்காயை அரிந்தாள். துண்டுகள் ஒழுங்கில்லாமல் விழுந்தன.

ஆவணியில் ஊசி ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமைகளில். இரண்டாவது ஊசிக்குப் பிறகு விலா வலி குறைந்தது. மூன்றாவதற்குப் பிறகு ஒரு முழு இட்லி சாப்பிட்டாள், பிறகு இரண்டு. புருவம் முளைத்தது. நான்காவதற்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். ஐந்து புள்ளிகளில் மூன்றைக் காணவில்லை, மீதி இரண்டும் சுருங்கியிருந்தன.

நஸ்னீன் திரையில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எஸ்தர் அழுதாள், சுகாசினி அழுதாள். சாமுவேலும் அழுதான். அவன் அழுகை வேறு அழுகை என்று யாருக்குத் தெரியும். மனைவி பிழைப்பதைப் பார்த்து நடுங்குகிற புருஷன் உலகத்தில் உண்டா. அவன் நடுங்கினான். அந்த மருந்து உட்காருவதற்கு ஏற்பி இருந்தால்தானே இப்படி வேலை செய்யும். நோய் குணம் மாறவில்லை, ஏற்பி ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது என்று அவனுக்கு நிச்சயமாகிவிட்டது. சுருங்கிய ஒவ்வொரு புள்ளியும் அவன் வீட்டுப் பீரோவைச் சுட்டிக்காட்டியது. அவள் நன்றாகச் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மருந்து தோற்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று ஒருநாள் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தொட்டியில் கொதித்த தண்ணீரில் கையை விட்டுக்கொள்ளப் போனான். கூட வேலை செய்கிற மாணிக்கவேல்தான் பிடித்து இழுத்தான்.

"இன்னா சாமு, தூக்கமா?"

"ஆமா. தூக்கம் தான்" என்றான்.

சபையில் ஒரு வழக்கம். நன்மை நடந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லவேண்டும். பரீட்சையில் பாஸ் பண்ணினவர்களும் சொல்வார்கள், தொலைந்த வண்டி கிடைத்தவர்களும் சொல்வார்கள். ஸ்கேன் விஷயம் தெரிந்ததும் பாஸ்டர் ஜோசுவா வீட்டுக்கே வந்துவிட்டார். வர்ற ஞாயிறு எஸ்தரம்மா சாட்சி சொல்லவேண்டும் என்றார்.

"எனக்கு நாலு பேர் முன்னால பேச வராது பாஸ்டரய்யா. அவரு சொல்லட்டும்" என்று எஸ்தர் கணவனைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு இருந்தது. "என் கூடவே இருந்து எல்லாம் பாத்தவரு அவரு தான்."

வெளியே எந்தச் சண்டையிலும் பின்வாங்காத சாமுவேல் அன்று தலையை மட்டும் ஆட்டிவைத்தான். சனிக்கிழமை முழுவதும் யோசித்தான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பொய்ச் சாட்சி சொன்ன வாயோடு அந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று தெரியவில்லை.

ஞாயிறு வந்தது. பாஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சாமுவேல் எழுந்து முன்னால் போனான். மைக் வழக்கம்போலக் கரகரத்தது. அவன் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் எஸ்தர் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

"என் சம்சாரத்துக்கு ஊசி நல்லா வேலை செய்யுதுன்னு எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க" என்று ஆரம்பித்தான்.

"ஸ்தோத்திரம்" என்றார்கள்.

"இந்த ஊசி போன வருசமே போட்டிருக்கணும். போடல. ஏன்னா ரிப்போர்ட்டு தப்பா வந்துச்சு. தப்பா வந்ததுக்கு நான் தான் காரணம். அவ சதைய லேபுக்குக் கொண்டு போவச் சொல்லிக் குடுத்தாங்க. அதுல இருந்த மருந்த நான் சாக்கடையில ஊத்திட்டேன். நூலக் கழுவுற மாதிரி மூணு தண்ணியில கழுவி, வெறுந்தண்ணியில போட்டு ரெண்டு நாள் வெச்சிருந்து குடுத்தேன். டாக்டர் கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். அப்பவே ஊசி போட்டிருந்தா அவளுக்கு முழுசா குணமாயிருக்கும். இப்ப அடக்கித் தான் வைக்க முடியும். அவ ஆயுச நான் கழுவிட்டேன்."

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்த ஒரு நிமிடம்தான் சாமுவேலுக்கு மூச்சு வந்தது. யாராவது எழுந்து வந்து கன்னத்தில் அறைவார்கள் என்று எதிர்பார்த்தான், அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. ஆனால் பாஸ்டர் ஜோசுவா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா, எவ்ளோ பெரிய தாழ்மை. யானைக்கும் அடி சறுக்கும். தெரியாம செஞ்ச தப்பு. அந்தத் தப்பையும் தாண்டி கர்த்தர் அந்த அம்மாவைக் காப்பாத்தியிருக்காரு. எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லுங்க."

கைதட்டினார்கள். பாட்டே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மனிதனைக் குற்றவாளியாக நிற்கவிடுவதற்குக்கூட அந்தச் சபைக்குப் பொறுமையில்லை. வெளியே வந்தபோது நான்கு பேர் அவன் கையைக் குலுக்கினார்கள். வயதான காமாட்சியம்மாள் என்ற பக்கத்துத் தெரு அம்மாள், சபைக்காரர் கூட இல்லை, வாசலில் பூ விற்கிறவள், விஷயத்தைக் கேட்டு "பாவம், ஆம்பளைக்கு இன்னா தெரியும்" என்று அவனுக்காக உச்சுக்கொட்டினாள். உள்ளே எல்லாரும் கைதட்டியபோது எஸ்தர் மட்டும் கைதட்டவில்லை. பாட்டுப் பாடவும் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து புடவையை மாற்றினாள். சோறு வைத்தாள், குழம்பு வைத்தாள். அவன் முன்னால் தட்டைப் போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"தெரியாம தான் செஞ்சே" என்றாள். "எனக்காகத் தான் கழுவினே. அது எனக்குப் புரியுது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எஸ்தரு..."

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லு. இது உன்னால தான்னு உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"ஆடியில. நஸ்னீன் டாக்டரம்மா ரிசல்ட்டு சொன்ன அன்னிக்கு. நீ ரத்தம் குடுக்கப் போயிருந்தே."

எஸ்தர் விரலைத் தரையில் வைத்து ஏதோ நாள் எண்ணுகிறவள் போல இருந்தாள். "அதுக்கு அப்புறம் ஒரு நாள் நான் வாழைக்காய் அரிஞ்சிக்கினு இருந்தேன். அப்பவே இந்த ஊசியப் போட்டிருந்தா வந்திருக்காது இல்லன்னு உன்னக் கேட்டேன். ஞாபகம் இருக்குதா?"

சாமுவேல் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"நீ இன்னா பதில் சொன்னே?"

அவன் பிசைந்த சோற்றைத் திரும்பக் குவித்தான்.

"சொல்லுபா. சபையில அவ்ளோ பேர் முன்னால சொன்னே, என் கிட்ட சொல்லு."

"நீ ஆறு மாசம் மறைக்காம இருந்திருந்தா... எல்லாம் உன்னால வந்ததுன்னு சொன்னேன்."

"உனக்குத் தெரிஞ்சதுக்கு அப்புறம்."

"ஆமா."

"ஒரு வருசமா நீ சொன்னதெல்லாம் வேற. அப்ப உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் மறைச்சதும் நெஜம் தான்." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு ராத்திரி படுத்துக்கினு யோசிச்சேன்பா. நான் சீக்கிரம் போயிட்டா நல்லது, என்னால இந்த மனுசனுக்கு இவ்ளோ கஷ்டமேன்னு. ஊசியே வேணாம்னு சொல்லிடலாமான்னு கூட நெனச்சேன்."

சாமுவேல் தட்டைத் தள்ளி வைத்தான்.

"கழுவினது தெரியாம செஞ்சது. அத்த சபையில சொன்னே, எல்லாரும் கை தட்டினாங்க. தெரிஞ்சு செஞ்சது இது. இத்த ஏன்பா சொல்லல?"

அவள் எழுந்து, அவன் தொடாத தண்ணீர் டம்ளரை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஊசி தேதியைப் பார்த்தாள்.

"வர்ற புதன்கிழமை நீ வர வேணாம். ரிப்போர்ட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்து சுகாசினி கிட்ட குடுத்துடு. இனிமே அவ வருவா."